வெள்ளை அடித்த போர்க்கப்பல்: சீனக் கடலோரக் காவல்படை பற்றி

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "தென்சீனக் கடல் செய்திகளில் சீனக் கடலோரக் காவல்படை, கடல் ரோந்துக் கப்பல் என்று மாறி மாறி வருகிறது. இது போலீஸா, கடற்படையா? தண்ணீர் பீய்ச்சி அடித்ததற்கெல்லாம் ஏன் இவ்வளவு பெரிய செய்தி? உண்மையிலேயே சண்டை என்றால் ஏன் யாரும் சுடுவதில்லை?"

மூன்று கேள்விகளும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: கப்பலுக்கு அடிக்கிற பெயிண்ட். கடலில் சாம்பல் நிறம் என்றால் கடற்படை, வெள்ளை என்றால் காவல்படை. சாம்பல் கப்பல் இன்னொரு நாட்டுப் படகை இடித்தால் அது போருக்கு முதல் படி. வெள்ளைக் கப்பல் இடித்தால் "சட்ட அமலாக்க நடவடிக்கையின்போது ஏற்பட்ட சம்பவம்". இந்த ஒரு வித்தியாசத்தை சீனா அளவுக்கு முழுசாகப் பயன்படுத்திக்கொண்ட நாடு வேறு இல்லை என்பது என் கருத்து. நான் பல வருடம் வணிகக் கப்பல்களில் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், வாட்ச் நின்றவன். அதனால் அரசியலைவிட கப்பல் எப்படி ஓட்டப்படுகிறது என்பதில்தான் என் கண் முதலில் போகும். பதிலும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு காட்சி. 2025 ஆகஸ்ட் 11. தென்சீனக் கடலில் சீனாவும் பிலிப்பைன்ஸும் உரிமை கோரும் ஸ்கார்பரோ என்ற பவளத்திட்டுக்குக் கிழக்கே சுமார் 10 கடல்மைல். அங்கே மீன்பிடிக்கும் பிலிப்பைன்ஸ் மீனவர்களுக்கு டீசலும் சாமான்களும் கொடுக்க அந்நாட்டுக் காவல்படைக் கப்பல்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று சுலுவான், 44 மீட்டர் நீளமுள்ள சின்ன ரோந்துக் கப்பல். அதன் பின்னால் சீனக் காவல்படையின் 3104 முழு வேகத்தில் துரத்தி வருகிறது. இன்னொரு பக்கத்திலிருந்து சீனக் கடற்படையின் குய்லின் என்ற நாசகாரிக் கப்பல், 157 மீட்டர் நீளம், சுலுவானுக்குக் குறுக்கே பாய்கிறது. சுலுவான் நழுவிவிடுகிறது. துரத்தி வந்த 3104 நேராகப் போய்த் தன் நாட்டுக் கடற்படைக் கப்பலின் பக்கவாட்டில் மோதுகிறது. காணொளியில், மோதலுக்குச் சில நொடிகள் முன்னால்வரை 3104இன் முன்தளத்தில் ஆட்கள் நிற்பது தெரிகிறது. மோதியபின் அந்த முன்தளமே இல்லை. நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் கப்பலின் மூக்குப்பகுதி கசக்கிப்போட்ட தகரம் மாதிரி கிடக்கிறது. பிலிப்பைன்ஸ் கப்பல் ரேடியோவில் மருத்துவ உதவியும், தண்ணீரில் யாராவது விழுந்திருந்தால் தேட உதவியும் தருவதாகச் சொன்னது. பதில் வரவில்லை. சீனா பிறகு வெளியிட்ட அறிக்கையில் பிலிப்பைன்ஸ் கப்பல்களை விரட்டியதாக இருந்தது. மோதலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது 3104 என்ற கப்பல்தான். அது கட்டப்பட்டபோது காவல்படைக் கப்பலே அல்ல. சீனக் கடற்படைக்காக 056 என்ற வகையில் கட்டப்பட்ட சிறு போர்க்கப்பல். அந்த வகையில் ஆரம்பத்தில் வந்த 22 கப்பல்களைக் கடற்படை காவல்படைக்குக் கைமாற்றியது. கப்பலைத் தாக்கும் ஏவுகணைகளை இறக்கினார்கள், வெள்ளை அடித்தார்கள். முன்னால் இருந்த 76 மில்லிமீட்டர் பீரங்கி அப்படியே இருக்கிறது. போலீஸா கடற்படையா என்று கேட்டீர்களே, அந்தக் கப்பலிடம் கேட்டால் அதற்கே குழப்பம் வரும்.

சரி, அமைப்புக்கு வருவோம். 2013க்கு முன்னால் சீனாவில் கடல் காவல் ஐந்து துறைகளிடம் சிதறிக் கிடந்தது. கடல் கண்காணிப்புப் படை ஒரு துறையிடம், மீன்வளக் காவல் வேளாண் அமைச்சகத்திடம், எல்லைக் காவல் போலீஸ் அமைச்சகத்திடம், கடத்தல் தடுப்பு சுங்கத்துறையிடம், கப்பல் போக்குவரத்துப் பாதுகாப்பு போக்குவரத்து அமைச்சகத்திடம். "ஐந்து டிராகன்கள் கடலைக் கலக்குகின்றன" என்று சீனர்களே கேலி செய்வார்கள். 2013இல் முதல் நான்கையும் சேர்த்து ஒரே காவல்படை ஆக்கினார்கள். அதன் முதல் தலைவர் மெங் ஹோங்வெய். பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? பிறகு இன்டர்போல் தலைவராகி, 2018இல் சீனாவுக்குப் போனவர் காணாமல் போய், லஞ்ச வழக்கில் பதின்மூன்றரை வருடச் சிறைத் தண்டனை பெற்ற அதே மனிதர்தான்.

ஐந்தாவது டிராகன் மட்டும் தனியாகவே விடப்பட்டது. அதுதான் கடல்சார் பாதுகாப்பு நிர்வாகம். செய்திகளில் "ரோந்துக் கப்பல்" என்று வருவது பெரும்பாலும் இவர்களுடையது. காவல்படைக் கப்பலின் பெயர் ஹாய்ஜிங் என்று தொடங்கும், இவர்கள் கப்பல் ஹாய்ஷுன் என்று தொடங்கும். கலங்கரை விளக்கம், கப்பல் பதிவு, எண்ணெய்க் கசிவு, தேடல் மீட்பு, இதெல்லாம் இவர்கள் வேலை. வணிகக் கப்பல்காரனுக்கு சீனத் துறைமுகத்தில் நிஜமான பயம் இவர்கள் மேல்தான். ஏறிச் சோதித்து, ஒரு பெரிய குறை கண்டாலே கப்பலை நிறுத்திவைத்துவிடுவார்கள். (இது எல்லா நாட்டிலும் உண்டு, அவர்களைத் தனியாகக் குறை சொல்லவில்லை.) 2014இல் காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370ஐத் தேடியபோது இந்தியப் பெருங்கடலில் ஏதோ ஒலித்துடிப்பு கேட்டது என்று அறிவித்தது ஹாய்ஷுன் 01. பிறகு அது கருப்புப் பெட்டியின் ஒலி இல்லை என்று முடிவானது வேறு கதை.

ஆனால் இந்த சாதுவான துறையிடமும் இப்போது 165 மீட்டர் நீளம், 10,000 டன்னுக்கு மேல் எடை கொண்ட ஹாய்ஷுன் 09 இருக்கிறது. ஹாய்ஷுன் 06 தைவான் நீரிணைக்கென்றே 2022இல் சேர்க்கப்பட்டது. 2023 ஏப்ரலில் அந்தக் கப்பலை வைத்து, நீரிணையில் போகும் கப்பல்களை ஏறிச் சோதிக்கப் போவதாக அறிவித்தார்கள். தைவான் தன் கப்பல்களிடம், "அனுமதிக்காதீர்கள், எங்களுக்குச் சொல்லுங்கள்" என்றது. கலங்கரை விளக்கம் பார்க்கிற துறையாக இருந்தாலும், சோதனை போடுகிற அதிகாரம் யாருக்கு என்று கேட்டால் அது நாட்டின் எல்லை எது என்ற கேள்விதான்.

காவல்படைக்குத் திரும்புகிறேன். 2018 ஜூலை 1 அன்று அதை மக்கள் ஆயுதப் போலீஸின் கீழ் கொண்டுபோனார்கள். அந்த ஆயுதப் போலீஸ் மத்திய ராணுவ ஆணையத்தின் கீழ் இருக்கிறது. கடற்படைக்கும் அதே ஆணையம்தான் தலைமை. இதை மட்டும் வைத்து "பார், ராணுவம்தான்" என்று சொல்வது நியாயம் இல்லை. இந்தியக் கடலோரக் காவல்படையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. அமெரிக்காவில் அது ஆயுதப்படைகளில் ஒன்று. யாருக்குக் கீழே என்பதைவிட, எந்தக் கடலில் எந்தச் சட்டத்தோடு என்பதுதான் விஷயம்.

அந்தச் சட்டம் 2021 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 22ஆவது பிரிவு, வெளிநாட்டு அமைப்போ ஆளோ சீன இறையாண்மையை மீறினால் ஆயுதம் உட்பட எல்லா நடவடிக்கையும் எடுக்கலாம் என்கிறது. 20ஆவது பிரிவு, சீன அனுமதி இல்லாமல் கட்டிய கட்டுமானத்தை இடிக்கலாம் என்கிறது. ஆயுதம் என்ற வார்த்தையைப் பார்த்து எல்லோரும் பதறினார்கள். எனக்கு உறுத்திய இடம் வேறு. இதெல்லாம் எங்கே செல்லுபடியாகும்? "சீன அதிகார வரம்புக்குட்பட்ட கடல்பரப்பில்" என்கிறது சட்டம். அந்தப் பரப்பு எதுவரை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கடற்கரையிலிருந்து 12 கடல்மைல் ஒரு நாட்டின் கடல், 200 கடல்மைல்வரை மீனும் எண்ணெயும் எடுக்கிற உரிமை என்பது உலகம் ஒத்துக்கொண்ட கணக்கு. சீனா தன் வரைபடத்தில் போடும் ஒன்பது கோடுகளோ வியட்நாம், மலேசியா, புருனே, பிலிப்பைன்ஸ் கரைகளை உரசிக்கொண்டு போகின்றன. எல்லை சொல்லாத ஒரு சட்டத்தைக் கையில் வைத்திருக்கிற போலீஸ்காரர், தான் எங்கே நிற்கிறாரோ அதையே தன் ஸ்டேஷன் எல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். 2024 ஜூன் 15 முதல் இன்னொரு விதி சேர்ந்தது: எல்லை மீறியதாகச் சந்தேகிக்கப்படும் வெளிநாட்டவரை 30 நாள், சிக்கலான வழக்கு என்றால் 60 நாள்வரை பிடித்துவைக்கலாம்.

இப்போது கப்பல்கள். 1,000 டன்னுக்கு மேற்பட்ட ரோந்துக் கப்பல்கள் மட்டுமே 150க்கு மேல் சீனக் காவல்படையிடம் இருப்பதாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆண்டறிக்கை சொல்கிறது. உலகில் வேறு எந்தக் காவல்படையிடமும் இவ்வளவு கிடையாது. செய்தியில் வரும் எண்ணை வைத்தே கப்பலின் அளவை ஓரளவு ஊகிக்கலாம். நான்கு இலக்க எண்ணில் இரண்டாவது இலக்கம் ஆயிரம் டன் கணக்கு: 3104 என்றால் ஆயிரம் டன் வகை, 5402 என்றால் நாலாயிரம் டன் வகை. 9 என்று வந்தால் பத்தாயிரம். அப்படி இரண்டு கப்பல்கள் இருக்கின்றன, 2901 கிழக்குச் சீனக் கடலிலும் 5901 தென்சீனக் கடலிலும். 5901க்கு பிலிப்பைன்ஸ் பத்திரிகைகள் வைத்த பெயர் "மான்ஸ்டர்", அதாவது பூதம். 165 மீட்டர், நிறைசுமையில் சுமார் 12,000 டன். அமெரிக்கக் கடற்படையின் வழக்கமான நாசகாரிக் கப்பலே 9,000 டன் சுமார்தான் வரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் இந்தக் கப்பல் பிலிப்பைன்ஸின் சம்பாலேஸ் கடற்கரைக்கு 54 கடல்மைல் தூரம்வரை வந்து சுற்றிக்கொண்டிருந்தது. பிலிப்பைன்ஸ் தரப்பில் அதன் பக்கத்தில் போய் நின்ற கப்பல்களில் பெரியது, ஜப்பான் கட்டிக்கொடுத்த 97 மீட்டர் தெரெசா மக்பனுவா.

மீன்பிடிப் படகை விரட்ட 12,000 டன் எதற்கு என்று கேட்கலாம். எடைதான் ஆயுதம். இதைப் புரிந்துகொள்ள பிரிட்ஜுக்கு வாருங்கள்.

கடலில் பிரேக் கிடையாது. ஒரு பெரிய கப்பலின் எஞ்சினை நிறுத்தினாலும் அது மைல்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். அதனால் மோதல் தவிர்ப்பு விதிகள் எங்களுக்கு வேதம். குறுக்கே வரும் இரண்டு கப்பல்களில், எவனுக்கு வலப்பக்கம் மற்றவன் தெரிகிறானோ அவன்தான் விலக வேண்டும், அதுவும் சீக்கிரமாக, மற்றவனுக்குப் புரிகிற மாதிரி பெரிதாக விலக வேண்டும். நடுக்கடலில் இன்னொரு கப்பல் ஒரு மைலுக்குள் வரும் என்று ரேடார் காட்டினாலே கேப்டனைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும் என்பது நான் வேலை செய்த கப்பல்களில் பொது உத்தரவு. திட்டுகளில் நடப்பது என்ன? சீனக் கப்பல் வேண்டுமென்றே குறுக்கே வரும், நூறு மீட்டருக்குள். விலகாது. எதிரில் இருப்பது சின்னக் கப்பல் என்றால், மோதினால் யாருக்குச் சேதம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். யார் விதியை மீறினார்கள் என்று வாதாட சின்னக் கப்பலுக்கு நேரம் இல்லை, அது விலகும். விலகிய ஒவ்வொரு முறையும் "விரட்டினோம்" என்று ஒரு அறிக்கை வரும். பெரிய கப்பல் கட்டுவதற்குக் காரணம் இதுதான். பீரங்கி சும்மா நிற்கும், வேலை செய்வது எடை.

இது என் ஊகம் அல்ல. பிலிப்பைன்ஸ் போட்ட வழக்கில் 2016 ஜூலை 12 அன்று வந்த நடுவர் தீர்ப்பு ஒன்பது கோடுகளைச் செல்லாது என்றதைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதே தீர்ப்பில், 2012இல் ஸ்கார்பரோவில் சீன அரசுக் கப்பல்கள் வேண்டுமென்றே மோதல் அபாயத்தை உண்டாக்கி மோதல் தவிர்ப்பு விதிகளை மீறின என்று ஒரு பகுதி உண்டு. எந்தெந்த விதி என்று எண் போட்டே சொல்கிறது. கடலோடிகளுக்கு அந்தப் பகுதிதான் சுவாரசியம். சீனா வழக்கிலும் கலந்துகொள்ளவில்லை, தீர்ப்பையும் ஏற்கவில்லை.

அந்த 2012 கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெயிண்ட் விஷயம் அதில்தான் பளிச்சென்று தெரியும். ஏப்ரலில் ஸ்கார்பரோவில் சீன மீன்பிடிப் படகுகள் நிற்பதைப் பார்த்து பிலிப்பைன்ஸ் தன் கடற்படைக் கப்பல் கிரெகோரியோ டெல் பிலாரை அனுப்பியது. ஏறிப் பார்த்தால் ராட்சதச் சிப்பி, பவளம், உயிரோடு சுறா. கைது செய்யப் போகும்போது இரண்டு சீனக் கண்காணிப்புக் கப்பல்கள் வந்து நடுவில் நின்றுகொண்டன. வெள்ளைக் கப்பல்கள். எதிரில் சாம்பல் கப்பல். பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? போலீஸை ராணுவம் மிரட்டுகிறது. மணிலா இதை உணர்ந்து சில நாளில் கடற்படைக் கப்பலைத் திருப்பி அழைத்துவிட்டு, காவல்படைக் கப்பலை அனுப்பியது. ஜூன் நடுவில் மோசமான வானிலையில் அதுவும் கிளம்பியது. சீனக் கப்பல்கள் இருந்தன. இன்றுவரை அந்தத் திட்டு அவர்கள் கையில். வேடிக்கை என்னவென்றால் அந்த கிரெகோரியோ டெல் பிலார், அமெரிக்கக் கடலோரக் காவல்படையிலிருந்து ஓய்வு பெற்ற பழைய ரோந்துக் கப்பல். அமெரிக்காவில் வெள்ளையாக இருந்ததை வாங்கி சாம்பல் அடித்துப் போர்க்கப்பல் ஆக்கியிருந்தார்கள். 3104இல் நடந்தது நேர் எதிர். யார் காரியக்காரர் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் தண்ணீர். டிவியில் பார்த்தால் கோயில் திருவிழாவில் தண்ணீர் அடிக்கிற மாதிரி இருக்கும். கப்பலில் இருக்கும் அந்தப் பெரிய குழாய்கள் இன்னொரு கப்பல் பற்றி எரிந்தால் தள்ளி நின்று அணைப்பதற்காக வைக்கப்பட்டவை. நிமிடத்துக்குப் பல ஆயிரம் லிட்டர் கடல்நீரை அவ்வளவு தூரம் எறிய எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று யோசியுங்கள். எஃகுக் கப்பலில் பட்டால் கைப்பிடிக் கம்பி வளையும்; 2024 ஏப்ரல் 30 அன்று ஸ்கார்பரோவில் பககாய் என்ற கப்பலுக்கு அப்படித்தான் ஆனது, கம்பியும் மேல்கூரையும் நெளிந்தன. மரப்படகில் பட்டால் படகு உடையும். 2024 மார்ச்சில் உனைசா மே 4 என்ற மர சப்ளைப் படகின் கண்ணாடிகள் சிதறி உள்ளே இருந்த மாலுமிகளுக்குக் காயம். குறி வைக்கும் இடமும் தற்செயல் அல்ல. ஆண்டெனா, ரேடார், பிரிட்ஜ் ஜன்னல். உப்புத்தண்ணீர் உள்ளே போனால் கருவிகள் செத்துவிடும். கண்ணும் காதும் இல்லாமல் பவளத்திட்டுக்கு நடுவில் கப்பல் ஓட்டுவது என்றால் என்ன என்று ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். குண்டு போட்டிருந்தால் உலகம் கொதிக்கும். தண்ணீர்தானே என்று நீங்களே கேட்டீர்கள் பாருங்கள், அந்தக் கேள்வி வரவேண்டும் என்பதற்காகத்தான் தண்ணீர்.

பிலிப்பைன்ஸ் மட்டுமா என்றால் இல்லை. சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளில் மூன்றை 2012 செப்டம்பரில் ஜப்பான் அரசு தனியாரிடமிருந்து வாங்கியது. அன்று முதல் சீனக் கப்பல்கள் அங்கே முறை போட்டு நிற்கின்றன. 2024இல் 355 நாள் அந்தத் தீவுகளை ஒட்டிய பகுதியில் அவை இருந்ததாக ஜப்பான் கணக்கு வைத்திருக்கிறது. அங்கே தண்ணீரும் இல்லை, இடியும் இல்லை. ஜப்பான் கப்பல்களும் பெரியவை, எண்ணிக்கையும் அதிகம். பள்ளிக்கூட வருகைப்பதிவு மாதிரி, இருந்தோம் என்று பதிவு செய்வதே அங்கு வேலை. வியட்நாமில் 2014இல் ஒரு எண்ணெய்த் துரப்பண மேடையை நடுவில் வைத்து இரண்டரை மாதம் இரு தரப்பும் இடித்துக்கொண்டன. தைவானின் கின்மென் தீவைச் சுற்றி 2024 பிப்ரவரியிலிருந்து ரோந்து. தைவான் காவல்படை துரத்திய படகு கவிழ்ந்து இரண்டு சீன மீனவர்கள் இறந்தது அதற்குத் தொடக்கம்.

இந்தோனேசியாவில் நடந்தது எனக்கு மறக்காது. 2016 மார்ச்சில் நதுனா தீவுகளுக்குப் பக்கத்தில் ஒரு சீன மீன்பிடிக் கப்பலை இந்தோனேசிய மீன்வளத்துறை பிடித்தது. எட்டு பேரைத் தங்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு, பிடிபட்ட கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். இருட்டில் சீனக் காவல்படைக் கப்பல் வந்து, இழுபடும் கப்பலை இடித்தது. தங்கள் நாட்டுக் கப்பலையே! அது ஓட முடியாமல் ஆனதும் இந்தோனேசியர்கள் கயிற்றை விட்டுவிட்டு எட்டு பேரோடு கரைக்குப் போனார்கள். கப்பலைச் சீனக் காவல்படை மீட்டுக்கொண்டு போனது. அது சீனர்களின் பரம்பரை மீன்பிடித்தலம் என்பது பெய்ஜிங்கின் பதில். ஜகார்த்தாவில் அமைச்சர்கள் கொதித்தார்கள்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே படை தன் நாட்டு மீனவர்கள் மேலும் சட்டத்தை அமல்படுத்துகிறது. தென்சீனக் கடலில் ஒவ்வொரு வருடமும் மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை மீன்பிடித் தடைக்காலம். தடையை மீறும் சீனப் படகுகளைப் பிடிப்பது இவர்கள்தான். கடத்தல் டீசல் பிடிக்கிறார்கள். டோங்கிங் வளைகுடாவில் வியட்நாம் காவல்படையோடு சேர்ந்தே ரோந்து போகிறார்கள், ஏனென்றால் அங்கே எல்லைக்கோடு இரு நாடுகளும் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்டது. அதாவது எல்லை தெளிவாக இருக்கிற இடத்தில் இவர்கள் மற்ற நாட்டுக் காவல்படைகளைப் போலத்தான்.

கடைசிக் கேள்வி, ஏன் யாரும் சுடவில்லை. பிலிப்பைன்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் 1951இல் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் மேல் ஆயுதத் தாக்குதல் நடந்தால் அமெரிக்கா வர வேண்டும். தென்சீனக் கடலில் காவல்படைக் கப்பல் மேல் நடந்தாலும் அது பொருந்தும் என்று 2023 மே மாதம் எழுத்தில் தெளிவாக்கினார்கள். ஆக "ஆயுதத் தாக்குதல்" என்ற சொல்லுக்கு ஒரு அடி கீழே நின்று விளையாட வேண்டும், அதற்குத் தண்ணீரும் இடியும் லேசர் ஒளியும் போதும். 2024 மே 31 அன்று சிங்கப்பூரில் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸிடம் எது உங்கள் சிவப்புக் கோடு என்று கேட்டார்கள். வேண்டுமென்றே செய்த செயலால் ஒரு பிலிப்பினோ குடிமகன் இறந்தால் அது போர்ச் செயலுக்கு மிக நெருக்கமானது என்றார் அவர்.

சரியாக 17 நாள் கழித்து, ஜூன் 17. இடம் இரண்டாம் தாமஸ் திட்டு, பலவான் தீவிலிருந்து சுமார் 105 கடல்மைல். அங்கே சியரா மாட்ரே என்ற கப்பலை பிலிப்பைன்ஸ் 1999இல் வேண்டுமென்றே தரைதட்ட வைத்தது. 1944இல் அமெரிக்கா கட்டியது, பக்கமெல்லாம் துருப்பிடித்து ஓட்டை. உள்ளே ஒரு சிறு கடற்படைக் குழு காவல் இருக்கிறது. அதை அங்கிருந்து எடுப்பதாக மணிலா வாக்குக் கொடுத்தது என்கிறது சீனா, கொடுக்கவே இல்லை என்கிறது மணிலா. அந்தக் குழுவுக்கு சாப்பாடும் சாமானும் ரப்பர் படகில் வருகிறது. கப்பலுக்குப் பக்கத்திலேயே சீனக் காவல்படையினர் சின்னப் படகுகளில் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கையில் கத்தி, கோடாரி, சுத்தியல். ரப்பர் படகுகளைக் குத்திக் கிழித்தார்கள், கட்டி இழுத்தார்கள், பெட்டியில் இருந்த துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள். படகுகள் முட்டியதில் ஒரு பிலிப்பைன்ஸ் வீரருக்குக் கட்டைவிரல் போய்விட்டது. உயிர் போகவில்லை. விரல் மட்டும்.

மணிலாவில் ஒரு வாரம் குழப்பம். ஒரு மூத்த அதிகாரி "தவறான புரிதலோ விபத்தோ" என்றார், சில நாளில் பாதுகாப்பு அமைச்சர் அதை மறுத்து, வேண்டுமென்றே செய்ததுதான் என்றார். யாரும் சுடவில்லை, ஆனாலும் வேண்டுமென்றே செய்தது என்று மார்க்கோஸ் முடித்தார். ஜூலையில் இரு நாடுகளும் உட்கார்ந்து பேசி, அந்த ஒரு திட்டுக்கு மட்டும் சாமான் கொண்டுபோவதற்கு ஒரு தற்காலிக ஏற்பாடு செய்துகொண்டன. அங்கே அமைதி வந்தது. ஆகஸ்டிலேயே தகராறு பக்கத்திலுள்ள சபீனா திட்டுக்கு நகர்ந்தது. தெரெசா மக்பனுவா அங்கே ஐந்து மாதமாக நங்கூரம் போட்டு நின்றிருந்தது. அதை சீனாவின் 5205 பலமுறை இடித்தது. செப்டம்பரில் அது கரை திரும்பியது. அடுத்த வருடம் ஸ்கார்பரோவில் 3104 தன் மூக்கை உடைத்துக்கொண்டது.

அதற்கு ஒரு மாதம் கழித்து, 2025 செப்டம்பர் 10 அன்று, ஸ்கார்பரோ திட்டில் தேசிய இயற்கைக் காப்பகம் அமைப்பதாக பெய்ஜிங் அறிவித்தது. 2012இல் சீனப் படகுகளில் ராட்சதச் சிப்பிகள் பிடிபட்ட அதே திட்டு. ஆறு நாள் கழித்து அங்கே வந்த பிலிப்பைன்ஸ் மீன்வளத்துறைக் கப்பல் மேல் தண்ணீர் அடித்தார்கள். பிரிட்ஜ் கண்ணாடி உடைந்து ஒருவருக்குக் காயம்.